இது எப்போது முடியும் என்று கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் வேலையைப் பற்றியே இருந்தன. வேலை கிடைக்கவில்லை என்ற கடிதங்கள் இல்லை, கிடைத்த வேலை ஆளைத் தின்கிறது என்பதுதான் அநேகமானவற்றில். மற்றக் கேள்விகளை அடுத்த மாதம் பார்ப்போம், இந்த முறை முழுப் பக்கமும் இதற்குத்தான்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, கல்லடி. வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துவிட்டு மூன்று வருடமாகக் கொழும்பு மென்பொருள் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். நான் சேரும்போது 12 பேர், இப்போது 90 பேர். காலை 9 மணிக்கு முதல் மீட்டிங், அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு 9 மணிக்குக் கடைசி மீட்டிங், அது முடிந்து அவர்கள் கேட்டதைச் செய்துவிட்டுப் படுக்க ஒரு மணி, இரண்டு மணி ஆகும். 'இந்த ரிலீஸ் மட்டும் போகட்டும், பிறகு ஆறுதலாக இருக்கலாம்' என்று ஒன்றரை வருடமாகச் சொல்கிறார்கள். சம்பளம் நல்லது. வீட்டுக் கடனும் தங்கச்சியின் கலியாணமும் என் தலையில்தான். ஆனால் இப்போது லெப்டொப்பைத் திறக்கவே கை போகுதில்லை. ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை, இன்றைக்குப் பத்து நிமிட விஷயத்துக்கு அரை நாள் எடுக்கிறது, யார் என்ன கேட்டாலும் எரிச்சல் வருகிறது. போன கிழமை அம்மா 'சாப்பிட்டியா மகன்' என்று கேட்டதற்குக் கத்திவிட்டேன். அப்பா கடலுக்குப் போய் இதைவிட எவ்வளவோ கஷ்டப்பட்டவர். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை தம்பி. சோம்பேறிக்கு லெப்டொப்பைத் திறக்க முடியவில்லையே என்ற கவலை வராது. அம்மாவிடம் கத்தியதை ஒரு கிழமையாக மனசில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதவும் மாட்டார்.

உங்களுக்கு வந்திருப்பதை பர்ன் அவுட் என்று சொல்வார்கள். 'வெறுத்துப்போச்சு' என்று நம் ஆட்கள் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிற சங்கதிதான், ஆனால் அந்தச் சொல் காட்டுவதைவிட ஆழமானது. ஹெர்பர்ட் புரொய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர்களோடு அவரும் சேர்ந்து நின்றவர். இப்படி ஓய்ந்துபோகிறவர்கள் ஈடுபாட்டோடு தங்களையே கொடுத்து வேலை செய்கிறவர்கள்தான் என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டார். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் தனது சர்வதேச நோய்ப் பட்டியலில் இதைக் குறிப்பிட்டபோது நோய் என்று சொல்லவில்லை. நீண்ட காலம் சரிசெய்யாமல் விட்ட வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்று சொல்லி மூன்று அடையாளம் கொடுத்தது: உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, முன்பு செய்த அளவுக்குச் செய்ய முடியாமல் போவது. உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தரம் வாசியுங்கள், மூன்றும் அதில் இருக்கிறது.

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவரிடமே போய்க் கேளுங்கள், மாரியில் கடல் அடிக்கும்போது தோணி எத்தனை நாள் கரையில் கிடந்தது, வலை பொத்திக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்த பகல்கள் எத்தனை என்று. அவருடைய கஷ்டம் பெரியது, உயிரைப் பணயம் வைத்த கஷ்டம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கரைக்கு வந்தால் அன்றைய கடல் அவருக்கு முடிந்தது. உங்கள் கடல் கட்டில் தலைமாட்டில் போனுக்குள் இருக்கிறது, இரவு 11 மணிக்கும் அது கூப்பிடும்.

எனக்கும் இது வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள், நாவலடி இருந்த இடம் தெரியாமல் போன காலம். அப்போது நான் ஒரு நிவாரண அமைப்பில் சேர்ந்தேன். ஜனவரியில் ஆறு பேர், வருடம் முடிவதற்குள் நூறு பேருக்கு மேல், வாகனங்கள், ஜெனரேட்டர், மாதத்துக்கு ஒரு புது ஒபிஸ். காலை ஆறரைக்கு முகாமுக்குப் போனால் இரவு பதினொரு மணிக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்போம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சனம் தறப்பாளுக்குக் கீழே கிடக்கும்போது நான் எப்படி வீட்டுக்குப் போய்ப் படுப்பது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு தறப்பாள் போய்த் தற்காலிக வீடுகள் வந்தன, அவசர காலம் மெல்லக் கழிந்தது, ஆனால் எங்கள் வேலை நேரம் மட்டும் அவசர காலத்திலேயே நின்றுவிட்டது, அதற்கு ஒரு முடிவுத் திகதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் ஒரு தாய் என் முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை, இவர் எத்தனை மணிக்கு முடிப்பார் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் நான் என்னைப் பார்த்துப் பயந்தேன். நல்ல மனுசர்கள் நடத்திய அமைப்பு அது. வேகமாக வளர்கிற இடத்தில் ஆளைக் கெடுக்க ஒரு கெட்டவர் தேவையில்லை, 'இன்னும் கொஞ்சம்' என்ற சொல்லுக்கு எல்லை இல்லாமல் விட்டால் போதும்.

சரி, செய்ய வேண்டியது. இன்றையிலிருந்து இரண்டு கிழமைக்கு வேலை தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், இரவில் வந்த அழைப்பு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். களைத்த மனசு சொல்கிற கணக்கை மனேஜர் ஒரு சொல்லில் தட்டிவிடுவார், கொப்பியில் உள்ளதைத் தட்ட முடியாது. பிறகு அவரிடம் போய் 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று தொடங்காதீர்கள். 'இந்த நேர ஒழுங்கு எந்தத் திகதியோடு முடிகிறது?' என்று கேளுங்கள், பேசி முடித்ததும் பேசியதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். திகதி சொன்னால் அது வரை பல்லைக் கடிக்கலாம், உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கும். திகதி வந்து போய் இன்னொரு திகதி வந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

அந்த இரவு மீட்டிங்கைப் பற்றியும் பேசுங்கள். நியூயோர்க்கில் முற்பகல் 11:30 என்றால் இங்கே இரவு 9 மணி, அவர்கள் குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை மாற்றினால் 10 மணி. அதையே அவர்கள் காலை 8:30க்கு வைத்தால் உங்களுக்கு மாலை 6 மணி, குளிர்காலத்தில் 7. அவர்களுக்கு அது ஒரு கோப்பை கோப்பியை முன்கூட்டிக் குடிக்கிற வித்தியாசம், உங்களுக்கு ஒரு முழு இரவு. அப்படியும் இரவில்தான் வேண்டும் என்றால் மறுநாள் காலை 9 மணி மீட்டிங்குக்கு நீங்கள் வரத் தேவையில்லை என்று பேசி முடியுங்கள். பகலும் உங்களுடையது, இரவும் உங்களுடையது என்று ஒரு ஆளிடம் இரண்டையும் வாங்குவதுதான் அநியாயம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு, அந்த மேலதிக நேரமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு 14 நாள் சம்பளத்துடன் விடுமுறை, அதில் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்கலாம். நியமனக் கடிதத்தில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று இருந்தால் ஓவர்டைம் பேச்சே எடுக்காதே என்று சில இடங்களில் சொல்வார்கள். அவர்கள் வாயால் சொன்னதோடு விட்டுவிடாமல் கடிதத்தை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் ஒரு தரம் காட்டுங்கள்.

விலகுவதா இல்லையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் அது இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். முதலில் அந்தத் தொடர் 7 நாள் விடுமுறையை எடுங்கள், லெப்டொப்பை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவோடு கடற்கரையில் போய் இருங்கள், முதல் மூன்று நாளும் நித்திரைதான் வரும், கொள்ளுங்கள். நாலாம் நாள் மனசு கொஞ்சம் தெளிந்தால் அப்போது கணக்குப் பாருங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கொம்பனி தருகிற 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் போயிருக்க வேண்டும், நீங்கள் எங்கே போனாலும் அவை உங்களுடையவை. 5 வருடம் முடிந்தால் பணிக்கொடை என்பார்கள், அதற்காக மட்டும் இன்னும் இரண்டு வருடம் இப்படியே கிடப்பதை நான் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒன்று, விடுமுறையிலும் நித்திரை வராவிட்டால், இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தரமாவது வந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள் அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். நான் போயிருக்கிறேன் தம்பி. இன்னும் முந்திப் போயிருக்கலாம் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. சாய்ந்தமருதிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ஒரு லீசிங் கொம்பனியில் ரிகவரி ஒபிசர், தவணை கட்டாதவர்களிடம் காசு அறவிடுகிற வேலை. இரண்டு வருடத்துக்குள் அம்பாறை மாவட்டத்தில் ஐந்து கிளை திறந்துவிட்டார்கள், ஆள் மட்டும் கூடவில்லை. மாதக் கடைசியில் இஷா முடிந்து எவ்வளவோ நேரத்துக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் வட்ஸ்அப் குரூப்பில் யார் எவ்வளவு அறவிட்டார் என்று பெயர்ப் பட்டியல் வருகிறது, கடைசியில் இருக்கிற பெயர் சிவப்பில். பிள்ளைகள் வாப்பாவோடு கதைப்பதே குறைந்துபோனது. இரண்டு தரம் நெஞ்சு இறுக்குகிறது என்றார், டொக்டரிடம் போவோம் என்றால் மாதம் முடியட்டும் என்கிறார். வேலையை விடச் சொல்லட்டுமா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. நெஞ்சு இறுக்கம் மாதக் கடைசி வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. இதை வாசிக்கிற இன்றைக்கே அவரைக் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஈசிஜி எடுத்து பிரஷரும் பார்க்கட்டும். இறுக்கம் கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது இலவசம். உங்களைப் பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்கிறவரோடு ஒப்பிட்டால் 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் செய்கிறவருக்குப் பக்கவாதம் வருகிற ஆபத்து 35 வீதம் கூட, இதய நோயால் இறக்கிற ஆபத்து 17 வீதம் கூட என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் கணவரின் கிழமை 55ஐ எப்போதோ தாண்டிவிட்டது.

நேரம் ஒரு பக்கம், இந்த வேலைக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. அவர் காசு கேட்கப் போகிற வீடு வேற்று ஊரில் இல்லை. காலையில் யாருடைய திரீவீலரைப் பறிப்போம் என்று சொன்னாரோ, ஜும்ஆவில் அதே ஆளுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். பர்ன் அவுட்டைப் பல வருடம் ஆராய்ந்த கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர், வேலைப்பளு மட்டுமில்லாமல் செய்கிற வேலைக்கும் தன் மனசாட்சிக்கும் நடுவில் வருகிற இழுபறியும் ஆளை எரித்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் பேசாமல் இருப்பது உங்கள்மேல் உள்ள கோபம் என்று எடுக்காதீர்கள், பகலெல்லாம் அவர் கேட்ட அழுகையும் கெஞ்சலும் வாய்க்குள் அடைத்துக்கொண்டிருக்கும்.

வேலையை விடுங்கள் என்று நீங்கள் தொடங்கினால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். 'இன்றைக்கு யார் வீட்டுக்குப் போனீர்கள், என்ன சொன்னார்கள்' என்று கேட்டு, புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை சட்டப்படி அவருடையது, ஞாயிறு ஒரு நாளாவது அந்தக் குரூப்பை மௌனமாக்கட்டும், அப்படிச் செய்கிறேன் என்று மனேஜரிடம் முதலே சொல்லிவிட்டே செய்யட்டும். மற்றதை ஈசிஜி வந்த பிறகு இரண்டு பேரும் இருந்து யோசியுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், களுவாஞ்சிக்குடி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எட்டு மணி நேரம் வேலை செய்தால் களைப்பு என்கிறார்கள். இந்தியாவின் பெரிய தொழிலதிபரே இளைஞர்கள் கிழமைக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றாரே?

பதில்: சொன்னார் ஐயா, இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023 ஒக்டோபரில். கணக்கைப் போட்டுப் பார்ப்போம், நீங்கள் படிப்பித்தவர்தானே. ஆறு நாளால் பிரித்தால் நாளுக்கு 11 மணி 40 நிமிடம். போக வர, குளிக்க, சமைக்க, சாப்பிட நாலு மணி, நித்திரைக்கு ஏழு. மிச்சம் ஒரு மணியும் சில நிமிடமும், அதற்குள் பிள்ளையையும் பார்க்க வேண்டும், உங்களைப் போன்ற தாய் தகப்பனையும் பார்க்க வேண்டும். சீனாவின் தொழில்நுட்பக் கொம்பனிகளில் காலை 9 முதல் இரவு 9, கிழமைக்கு 6 நாள் என்று '996' என்றொரு வழக்கம் இருந்தது, 72 மணி நேரம். அதைச் சட்டவிரோதம் என்று 2021இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எட்டு மணி நேரம் இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பும் இல்லை, 1919இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு எழுதிய முதலாவது உடன்படிக்கையே அதைப் பற்றியதுதான். உங்கள் பிள்ளைகள் களைப்பு என்று சொன்னால் ஒரு தரம் நம்பிப் பாருங்கள் ஐயா.

கேள்வி: அக்கா, நான் ஆலையடிவேம்பு, 31 வயது. இரண்டு மோட்டார் சைக்கிளோடு பார்சல் டெலிவரி தொடங்கினேன், மூன்று வருடத்தில் 38 பேர், பொத்துவில் முதல் கல்முனை வரை ஓடுகிறோம். நான் நாளுக்கு 16 மணி நேரம் வேலை செய்கிறேன். ஆனால் பெடியன்கள் ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்பா வெள்ளாமைக்காரர், உழைப்பு என்றால் என்னவென்று அவரைப் பார்த்துத்தான் படித்தேன். எனக்கு இருக்கிற வெறி இவர்களுக்கு ஏன் இல்லை?

பதில்: தம்பி, கேட்டீர்களே, அதற்கே உங்களை மெச்ச வேண்டும், அநேக முதலாளிமார் திட்டிவிட்டு அடுத்த ஆளை எடுப்பார்கள். வெறி ஏன் இல்லை என்றால், கொம்பனி உங்களுடையது. வளர்ந்தால் வளர்வது உங்கள் பெயர், உங்கள் காணி, உங்கள் பிள்ளையின் நாளை. அவர்களுக்கு வளர்ந்தால் வருவது இன்னும் கொஞ்சம் பார்சல்.

அப்பாவின் வெள்ளாமையை நினைத்துப் பாருங்கள். மெஷின் வருவதற்கு முந்திய காலம், வெட்டு நேரத்தில் யாரும் மணி பார்க்கவில்லை, சூடடிப்பென்றால் களவெட்டியிலேயே இரவும் விடியும். ஆனால் அது எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும், முடிந்ததும் அவரவர் கூலி நெல்லை அந்த இடத்திலேயே அளந்து கொடுப்பார்கள், போடியாரும் முல்லைக்காரனும் கூலியாளும் சேர்ந்து பொங்குவார்கள், அடுத்த விதைப்பு வரை உடம்பு ஆறும். நீங்கள் அப்பாவிடம் வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். உங்களிடம் வருடத்தில் 365 நாளும் வெட்டு.

ஹென்றி போர்டுக்கும் உங்கள் பிரச்சினைதான் வந்தது. 1913இல் அவருடைய கார்த் தொழிற்சாலையில் ஆள் மாறுகிற வீதம் சுமார் 370, அதாவது 100 பேர் வேலை செய்கிற இடத்துக்கு வருடத்தில் 370 பேரளவில் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 9 மணியை 8 ஆக்கி, சம்பளத்தையும் இரண்டு மடங்களவுக்கு, 5 டொலராகக் கூட்டினார், விட்டுப் போகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 1926இல் கிழமைக்கு ஐந்து நாள் வேலை என்றும் ஆக்கினார். இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை, கணக்குப் பார்த்துத்தான் செய்தார், நீங்களும் கணக்கே பாருங்கள். ஒவ்வொரு புதுப் பெடியனுக்கும் ஒழுங்கை ஒழுங்கையாக வீடு பழக்க எத்தனை கிழமை எடுக்கிறது, அந்தக் கிழமைகளில் எத்தனை பார்சல் தவறிப்போகிறது? முதலாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் பதிவேடுகளை ஸ்டான்போர்ட் பொருளியலாளர் ஜோன் பென்கவல் 2014இல் எடுத்துப் பார்த்தார். கிழமைக்கு 50 மணி நேரத்தைச் சுற்றி வந்ததும் உற்பத்தி கூடுகிற வேகம் விழத் தொடங்குகிறது, 70 மணி நேரம் வேலை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அது மெஷினுக்கு முன்னால் நின்றவர்களின் கணக்கு. உங்கள் பெடியன்கள் கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில், ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணில் வழிய, பொத்துவில் ரோட்டில் லொறிக்குப் பக்கத்தில் ஓடுகிறார்கள். அங்கே களைப்புக்கு விலை ஒரு தவறிய பார்சலோடு நிற்காது, இதை நினைத்துத்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இரண்டு ஷிப்டாகப் பிரியுங்கள், பகல் 12 முதல் 3 வரை தூர ஓட்டம் வேண்டாம். புத்தாண்டு, தீபாவளி, பெருநாள் போன்ற நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் கூட நேரம் கேளுங்கள், தொடங்குகிற திகதியும் முடிகிற திகதியும் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஒன்றரை மடங்குக் காசை முடிந்த அன்றே கையில் கொடுங்கள். இரவு எட்டுக்குப் பிறகு நீங்கள் குரூப்பில் எதுவும் போடாதீர்கள், அவசரமில்லை என்று எழுதினாலும் முதலாளியின் செய்திக்கு எழும்பி இருந்து பதில் போடுவார்கள்.

இந்த வருடம் விலகிப் போனவர்களில் ஆறு பேருக்கு நீங்களே போன் எடுங்கள். திரும்பி வரச் சொல்லாமல், ஏன் போனாய் தம்பி என்று மட்டும் கேளுங்கள். எத்தனை பேர் உள்ளதைச் சொன்னார்கள் என்று அடுத்த மாதத்துக்குள் எனக்கு எழுதுங்கள்.